சாருக்கும் ஒரு கூறு

நோட்டன் பிரிட்ஜ்
3 பெப்ரவரி

திரு. பரமலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை என் கைபேசியிலிருந்து அழித்து எட்டு வருடமாகிறது. அதைத் திரும்பத் தேடும் எண்ணம் இல்லாததால் தபாலில் எழுதுகிறேன். புதிய அரசியலமைப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் குழுவில் தமிழ்ப் பிரிவை நீங்கள்தான் பார்ப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபருக்குக் கொழும்பில் ஒரு நாற்காலி. எனக்கு இன்னமும் அதே தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் நாற்காலி. அதிலும் ஒரு கால் ஆடுகிறது. வாழ்த்துகள்.

எழுதுவது எனக்காக அல்ல. உங்கள் குழு மார்ச் முதலாம் திகதி ஹட்டனுக்கு வருகிறது. அங்கே நான் ஒரு கோரிக்கையை வைக்கப் போகிறேன். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாசகம் சேர வேண்டும்:

“மலையகத் தோட்டங்களில் வாழும் மக்கள், தங்கள் உணவுக்காகவும் பயிர்களைக் காப்பதற்காகவும், வழக்கமான முறைகளில் வேட்டையாடவும் நீர்நிலைகளில் மீன் பிடிக்கவும் உரிமை உடையவர்கள்.”

சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரத் துரைமார் மரைமான் சுட்ட காலத்தில், தப்படித்துக் காட்டைக் கலைத்து மிருகத்தை அவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் ஓட்டிவிட்டது எங்கள் பாட்டன்மார். அன்றைக்கு அது விளையாட்டு. இன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற இராமையா தன் கிழங்குத் தோட்டத்தைத் தோண்டுகிற பன்றிக்குச் சுருக்குக் கம்பி கட்டினால் அது குற்றம். எங்கள் பழைய லயங்களை மூழ்கடித்து நிற்கிற நீர்த்தேக்கத்தில் ஒருவன் வலை போட்டால் அதுவும் குற்றம். வீடும் போயிற்று, அதன் மேல் நீந்துகிற மீனும் எங்களுடையது இல்லை.

எங்கள் பங்கீட்டு முறை உங்களுக்குத் தெரியாது. இங்கே பத்து வருடம் அதிபராக இருந்தும் நீங்கள் லயத்துப் பக்கம் வந்ததில்லை. பன்றி விழுந்தால் தகரத்தின் மேல் கூறு கூறாக வைப்பார்கள், வீட்டுக்கு ஒன்று. ஒருவன் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு குவியலைத் தொட்டு “இது யாருக்கு?” என்பான். திரும்பி நிற்பவன் வாயில் வருகிற வீட்டுப் பெயரைச் சொல்வான். வேட்டைக்கு வந்தவன், வராதவன், சண்டைக்காரன், எல்லாருக்கும் உண்டு. ஒரு ரூபாய் கைமாறாது. இதைவிட நேர்மையான பங்கீடு உங்கள் குழு எழுதப் போகும் எந்தப் பக்கத்தில் இருக்கும்?

வாசகத்தைச் சட்ட மொழியில் திருத்தித் தர முடியுமா என்று கேட்கவே இக்கடிதம்.

இப்படிக்கு,
மா. கஜேந்திரன்


வெள்ளவத்தை
11 பெப்ரவரி

அன்புள்ள கஜேந்திரன்,

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னை ‘அடே’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீர். இப்போது ‘திரு’ போட்டு எழுதுகிறீர். சரி, அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

உமது வாசகம் நன்றாக இருக்கிறது. திருத்தத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயங்களை யோசியும்.

‘வழக்கமான முறைகள்’ என்ற இடத்தில் நிச்சயம் பிடிப்பார்கள். போன மாதம் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கம்பியில் மாட்டிச் செத்த சிறுத்தையின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அது அந்தக் கம்பிக்குப் பன்றியாகத்தான் தெரிந்திருக்கும். இதற்கு உம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

மீன்பிடியையும் வேட்டையையும் பிரித்து இரண்டு கோரிக்கையாக வையும். மீனுக்கு எதிராக ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அதையாவது கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

முக்கியமானது மூன்றாவது. அமர்வில் நீரே கதையும். பழைய காலத்தைச் சொல்லும், பாட்டன்மாரைச் சொல்லும். இன்றைக்குக் கம்பி கட்டுகிற ஒருவரையும் மேடையில் ஏற்றாதீர். நீர் கதைத்தால் அது கருத்து. இராமையா கதைத்தால் அது வாக்குமூலம்.

முழங்கால் சத்திர சிகிச்சையால் நான் ஹட்டனுக்கு வர முடியாது. வேறு உறுப்பினர்கள் வருவார்கள்.

அன்புடன்,
பரமலிங்கம்


நோட்டன் பிரிட்ஜ்
17 பெப்ரவரி

திரு. பரமலிங்கம் அவர்களுக்கு,

பதிலுக்கு நன்றி. எதிர்பார்த்தபடியே இருந்தது.

பிரித்துக் கேள், குறைத்துக் கேள், பழையதைக் கேள். இருநூறு வருடமாக எங்களுக்குச் சொல்லப்படுவது இதுதான். பாதி உரிமையை யாராவது அரசியலமைப்பில் எழுதியிருக்கிறார்களா? சிறுத்தைக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே கம்பியைக் கட்டியவன் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு நாள், சம்பளத்தன்று மட்டும், இறைச்சி பார்க்கிறார்கள் என்று எந்தப் பத்திரிகையும் படம் போடவில்லை.

இராமையாவை மேடையேற்றக் கூடாது என்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்து ஆள் தன் வாயால், தன் பேச்சில், பெரியவர்கள் முன்னால் பேசினால் உங்களுக்குக் கூசும். எங்களுக்காக நாகரிகமாகப் பேச எப்போதும் ஒரு ஆள் நடுவில் தேவை, இல்லையா?

எட்டு வருடத்துக்கு முன்பு எனக்கு அதிபர் பதவிக்கான நேர்முகத் தேர்வு. அதற்கு நீங்கள் ஒரு குறிப்பு அனுப்பினீர்கள். அதில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. பதவி போனது தெரியும். அன்றிலிருந்து உங்கள் ஆலோசனை எதுவோ அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பது என்று வைத்திருக்கிறேன்.

இராமையா பேசுவான்.

கஜேந்திரன்


வெள்ளவத்தை
22 பெப்ரவரி

கஜேந்திரன்,

என் மேல் உள்ள கோபத்தை என்னிடமே வைத்துக்கொள்ளும். அதற்கு இராமையாவின் தலையை எடுக்காதீர். அமர்வு பகிரங்கமானது. எவரும் வரலாம், எவரும் படம் பிடிக்கலாம். இது சட்டம் இல்லை, சட்டம் வரவேண்டும் என்று கேட்கிற இடம் மட்டுமே. கேட்டுக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் பழைய சட்டம்தான் நடக்கும்.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பரமலிங்கம்


நோட்டன் பிரிட்ஜ்
4 மார்ச்

திரு. பரமலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் வந்திருக்க வேண்டும்.

நகர மண்டபம் நிறைந்திருந்தது. கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள். காலையிலிருந்து எல்லாரும் காணி, சம்பளம், மொழி என்று பேசினார்கள், குழு உறுப்பினர்கள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு குறிப்பெடுத்தார்கள். நான் வாசகத்தைப் படித்தேன். பிறகு இராமையா மைக்கைப் பிடித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, நான் இராமையா. தண்ணி ஓடுற கான் வெட்டுற ஆளு. பன்னி வருதுங்க, கெழங்கைத் தோண்டிருது. தொரைக்கிட்டச் சொன்னோம். தேயிலையத் திங்கல தானேன்னு கேட்டாரு.”

மண்டபமே சிரித்தது. அதோடு அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அப்பறம் நாங்களே பாத்துக்கிட்டோம். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி நல்லாப் புடிக்கும்யா. போன தீவாளிக்கு ஒண்ணு விழுந்துச்சு, எரும மாதிரி. முப்பத்திரெண்டு கூறு வச்சோம். கங்காணிக்கு ஒரு கூறு, பூசாரிக்கு ஒரு கூறு. அவரு வேணாம் வேணாம்னுதான் சொல்லுவாரு, சட்டி மட்டும் வந்துரும். சாருக்கும் ஒரு கூறு. அந்தா ஒக்காந்திருக்காரே!”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். குழுத் தலைவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இராமையா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வாக்குமூலம் என்றீர்கள். கைகுலுக்கல் கிடைத்தது. அறிந்துகொள்ளவும்.

கஜேந்திரன்


நோட்டன் பிரிட்ஜ்
9 மார்ச்

பரமலிங்கம் அவர்களுக்கு,

உங்களில் யார் சொன்னது?

நேற்றுக் காலை, வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோது, வனவிலங்கு அதிகாரிகள் இரண்டு ஜீப்பில் வந்தார்கள். யாரையும் விசாரிக்கவில்லை. நேராக லயத்தில் இராமையாவின் காம்பரா அறைக்குப் போனார்கள். கூரையில் சொருகியிருந்த கம்பி, அடுப்புக்கு மேல் தொங்கிய உப்புக்கண்டம், இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். அவன் மனைவி வேலாயி கொழுந்துக் கூடையோடு ஜீப்புக்குப் பின்னால் வளைவு வரை ஓடினாள்.

நீதவான் அவனை விசாரணை வரை விளக்கமறியலில் வைத்திருக்கிறார். கம்பி மட்டும் என்றால் பரவாயில்லை. இறைச்சி வியாபாரம் என்று இன்னொரு குற்றச்சாட்டு. முப்பத்திரண்டு கூறு என்று அவனே சொன்னானாம், அப்படியென்றால் முப்பத்திரண்டு வாடிக்கையாளர்களாம். விற்றவனுக்குச் சிறை நிச்சயம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவன் சொன்னது உங்கள் குழுவிடம். உங்கள் குழு யாரிடம் சொன்னது? நடக்கப் போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல எழுதினீர்களே, அது எப்படி?

கஜேந்திரன்


வெள்ளவத்தை
15 மார்ச்

கஜேந்திரன்,

குழுவிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உங்கள் தோட்டத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கிற விஜிதரன் என்பவர் இராமையா கதைத்ததை முழுவதுமாகப் படம் பிடித்து, ‘எங்கள் தோட்டத்தின் குரல்’ என்று தலைப்புப் போட்டு அன்று மாலையே பேஸ்புக்கில் ஏற்றியிருக்கிறார். பெருமையாகத்தான் செய்திருக்கிறார். சிறுத்தைப் படத்தைப் பார்த்துக் கொதித்துப் போயிருந்த சனம் அதைப் பகிர்ந்து தள்ளிவிட்டது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். கடைசியில் நீர் சிரிப்பதும் அதில் இருக்கிறது.

இனி ஆக வேண்டியது. என் மகள் சிவதர்சினி உம்மிடம் தமிழ் படித்தவள். இப்போது சட்டத்தரணி. ஹட்டன் நீதிமன்றத்தில் இராமையாவுக்காக நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறாள், கட்டணம் இல்லை. கம்பியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறாள். வியாபாரம் என்ற குற்றச்சாட்டை உடைக்கலாம். அதற்கு ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, “எனக்கும் கூறு வந்தது, நான் பணம் கொடுக்கவில்லை, இதுதான் எங்கள் முறை” என்று சொல்ல வேண்டும். நீதிமன்றம் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

இராமையா மைக்கில் பெயர் சொல்லாமல் கை காட்டியது ஒரே ஒருவரைத்தான்.

பரமலிங்கம்


நோட்டன் பிரிட்ஜ்
28 மார்ச்

பரமலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் மகளுக்கு நன்றி சொல்லவும். அவள் எப்போதும் கெட்டிக்காரி.

மற்ற விஷயம் நீங்கள் எழுதுகிற அளவுக்கு எளிதல்ல. நான் அரசாங்க ஆசிரியன். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். சட்டவிரோதமாகக் கிடைத்த இறைச்சியைச் சாப்பிட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னால் மறுநாளே கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எனக்கு எதிராக எழுத அங்கே எப்போதும் ஒரு பேனா திறந்தே இருக்கிறது; உங்களுக்குத் தெரியாததல்ல.

முப்பத்திரண்டு வீடு சாப்பிட்டது. கங்காணி சாப்பிட்டார். விஜிதரன் ஈரலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவர்கள் யாரையும் கேட்காமல் என்னை மட்டும் கேட்பது என்ன நியாயம்? தவிர, என்னைக் கை காட்டச் சொல்லி நான் இராமையாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டன் காலத்தைச் சொல் என்றுதான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று வேலாயி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், வாசல் இஸ்தோப்பிலேயே நின்றாள்.

“சார், நீங்கதான மைக்கு வாங்கிக் குடுத்தீங்க. இப்ப நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு மட்டும் தனியாவா தின்னாரு?”

இது சட்டப் பிரச்சினை, அவசரப்படக் கூடாது, அரசியலமைப்பில் வாசகம் சேர்ந்துவிட்டால் வழக்கே நிற்காது என்று விளக்கினேன்.

“அது எப்ப சார் சேரும்?” என்றாள்.

என் மனைவி லெட்சுமி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

நீங்கள் சொல்லுங்கள், வாசகத்தின் நிலை என்ன?

கஜேந்திரன்


வெள்ளவத்தை
4 ஏப்ரல்

கஜேந்திரன்,

வாசகத்தின் நிலை: வரைவு அறிக்கையில் மீனுக்கும் வேட்டைக்கும் சேர்த்து ஒரே வரி. ‘மேலும் ஆராயப்பட வேண்டும்.’ அது போட்ட கல் திரும்பி வராத கிணறு என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குறிப்பில் என்ன எழுதினேன் என்று தெரியாது என்றீர். சொல்கிறேன். “மிகச் சிறந்த ஆசிரியர். தமக்குப் பிடிக்காதவர் எச்சரித்தால், அந்த எச்சரிக்கை சரியானது என்பதற்காகவே அதை மீறுவார்.” இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் எழுதுவேன். அதனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அந்தக் குறிப்பின் முதல் வார்த்தைகளையும் வாசியும்.

விசாரணை மே 14. நீர் வராவிட்டால் சிவதர்சினி வேறு வழி பார்ப்பாள். வழி இருப்பதாக அவள் சொல்லவில்லை.

பரமலிங்கம்


நோட்டன் பிரிட்ஜ்
20 ஏப்ரல்

பரமலிங்கம் அவர்களுக்கு,

புத்தாண்டுக்கு மறுநாள் கீழ் லயத்துக்குப் பின்னால் ஒரு பன்றி கானில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தது. கம்பி கிடையாது, வேட்டை கிடையாது, அதுவாக விழுந்தது. தகரத்தில் கூறு வைத்தார்கள். லெட்சுமி சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் மேலே பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னத்தம்பி முதுகைக் காட்டி நின்றான். கொழுந்து நிறுக்கிற ஆள், குரல் பெரியது. “இது யாருக்கு?” என்றதும் முதல் பெயராக “இராமையா வீட்டுக்கு” என்றான். வேலாயி வந்து வாங்கினாள். பிறகு ஒவ்வொரு பெயராக. பூசாரி, கங்காணி, விஜிதரன். ஆம், விஜிதரனுக்கும். தகரம் காலியாயிற்று. ‘சார் வீட்டுக்கு’ என்ற சத்தம் வரவே இல்லை. எண்ணும்போதே ஒன்று குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

லெட்சுமி வெறும் சட்டியோடு மேலே ஏறி வந்தாள். நான் இறங்கிப் போய்ச் சின்னத்தம்பியிடம், மறந்துவிட்டாயா என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னான்.

“இல்ல சார். ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க, தின்னீங்களான்னு. நீங்க பாவம், பதில் சொல்லணும். எதுக்கு ஒங்களுக்கு அந்தக் கஷ்டம்?”

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் முறையில் சண்டைக்காரனுக்கும் கூறு உண்டு என்று உங்களுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். விளக்கமறியலில் இருக்கிறவனுக்குக் கூறு உண்டு. அவனைப் படம் பிடித்தவனுக்கு உண்டு. இந்தத் தோட்டத்திலேயே முதலில் பட்டம் வாங்கி, இவர்களுக்காக அரசியலமைப்பில் வாசகம் எழுதினவனுக்கு இல்லை.

நீதிமன்றத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று உங்கள் மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

கஜேந்திரன்


நோட்டன் பிரிட்ஜ்
25 மே

பரமலிங்கம்,

சிவதர்சினி உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பேச்சைத் தயாரித்திருந்தேன். துரைமாரின் வேட்டை, நீரில் மூழ்கிய லயங்கள், எல்லாம் இருந்தது. கூண்டில் ஏறினேன். நீதவான் ஒரு அம்மா. சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“இறைச்சிக்குப் பணம் கொடுத்தீரா?”

“இல்லை.”

“பிறகு எப்படிக் கிடைத்தது?”

முதுகைக் காட்டி நிற்பதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் பிடிபடவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். நீதவான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எது பெரிய குவியல் என்று திரும்பி நிற்பவருக்குத் தெரியாதா?

“தெரியாது, அம்மணி. அதற்காகத்தான் திரும்பி நிற்பது.”

“நீர் சாப்பிட்டீரா?”

“சாப்பிட்டேன். பல வருடமாகச் சாப்பிடுகிறேன்.”

இந்த இடத்தில் என் பேச்சைத் தொடங்கினேன். “அம்மணி, அரசியலமைப்பின் அடிப்படையில்” என்பது வரை வந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும் என்றார். இறங்கினேன். அவ்வளவுதான். ஐந்து நிமிடம் இருக்காது.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. கம்பிக்குத் தண்டமும் கடும் எச்சரிக்கையும். தண்டத்தை லயமே சேர்ந்து கட்டியது. உன் மகள் வெளியே வந்து, “சேர், இலக்கணப் பிழை இல்லாமல் சாட்சி சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்” என்றாள். வாய் உன்னுடையது.

பஸ்ஸில் இராமையா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். மெலிந்துவிட்டான். கினிகத்தேனைச் சந்தியில் வண்டி திரும்பியது. பிறகு கேட்டான்.

“சார், நீங்க எழுதுனீங்களே ஒரு சட்டம், அது வந்துருச்சா?”

“இல்லை இராமையா. ஆராயப் போகிறார்களாம்.”

ஜன்னலை இழுத்து மூடினான்.

“வந்தாலும் வெளிய சொல்லிறாதீங்க சார்.”

கேலி இல்லை, பரமலிங்கம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாத நடத்தை, பதினான்கு நாளில் விளக்கம் தரவும். நான் எழுதினால் என்ன எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். நீ எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குறிப்பை நான் மறக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. இது வேறு விஷயம்.

கஜேந்திரன்

பி.கு.: நேற்று நீர்த்தேக்கத்திலிருந்து யாரோ மீன் கொண்டுவந்தார்கள். யார் என்று எழுத மாட்டேன், அந்த அளவுக்குப் படித்துவிட்டேன். தகரத்தில் கூறு வைத்தார்கள். இந்த முறை இராமையா முதுகைக் காட்டி நின்றான். கடைசிக் குவியலைத் தொட்டு “இது யாருக்கு?” என்றதும், அவன் சற்று யோசித்தான். “லெட்சுமி வீட்டுக்கு” என்றான்.

லெட்சுமி சட்டியை நீட்டி வாங்கி வந்தாள். குழம்பு நன்றாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக அது சார் வீடு.